கன்னத்துக்கு வராத சொட்டு

கண்ணுக்கு மருந்து விட்டால் பாதி உள்ளே போகும், மீதி கன்னத்தில் வழியும். எல்லா வீட்டிலும் நடப்பது அதுதான். கழுத்தை அண்ணாந்து, எதற்கென்றே தெரியாமல் வாயையும் சேர்த்துத் திறந்துகொண்டு, பாட்டிலை அமுக்கி, சொட்டு விழுந்ததும் கண்ணை இறுக்கி மூடி, வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்போம். அன்று காலையில் அவளுக்கு வழியவில்லை.

இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் போன இடம் தெரியவில்லை. விட்டுக்கொண்டே இருந்தாள். காய்ந்த மண்ணில் தெளித்த தண்ணீர் மாதிரி ஒவ்வொரு சொட்டும் விழுந்தது, மறைந்தது. கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் அப்படியே இருந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கன்னம் காய்ந்திருந்தது.

முதலில் மருந்துக் கடைக்காரன்மேல்தான் சந்தேகம் வந்தது. போலி மருந்தாக இருக்கும் என்று புறங்கையில் ஒரு சொட்டு விட்டாள். அது ஒழுங்காக உருண்டு நின்று, கை சாய்ந்ததும் வழிந்து, மணிக்கட்டு வரை போயிற்று. மருந்தில் கோளாறு இல்லை.

அடுத்த சந்தேகம் கணவன்மேல். அவன் ரொட்டிக் கடை அடுப்பில் வேலை பார்ப்பவன். விடிவதற்கு முன்னால் எழுந்து போய், மதியம் மாவு வாசனையோடு திரும்புகிறவன். விளையாட்டுப் புத்தி கொஞ்சம் அதிகம். கல்யாணமான புதிதில் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்துவிட்டு, அவள் டீ குடிக்கும் வரை முகத்தை வெகு பவ்யமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள்.

"நேத்துதானே புதுப் பாட்டில் வாங்கினோம்? அதுக்குள்ள தீர்ந்துடுச்சா? குடிக்கிறியா என்ன?" என்றான் அவன், மதியம் திரும்பியதும்.

"நீங்க எடுத்துக் கொட்டினீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் அவள் நம்பவில்லை.

அவளுக்குக் கண்தான் சோறு. ஊரின் பழைய போட்டோ ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிற வேலை. எல்லாத் திருத்தமும் செய்வாள் என்றாலும், அவளுக்கென்றே ஒதுக்கி வைத்த வேலை ஒன்று உண்டு. கல்யாணக் கூட்டத்தில் நாற்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது சரியாக மாமனார் மட்டும் கண்ணை மூடியிருப்பார். அப்படிப்பட்ட படத்துக்குக் கடையில் 'மூடி' என்று பெயர். வேறொரு படத்திலிருந்து மாமனாரின் திறந்த கண்ணை வெட்டியெடுத்து, வெளிச்சம் பார்த்து, சுருக்கம் பார்த்து, மூடிய கண்ணின்மேல் வைத்துத் தைப்பது அவள் வேலை. தைத்த இடம் அவளுக்கே அப்புறம் தெரியாது.

"எங்க முழிகிட்ட குடுத்துட்டுப் போங்க. எப்பேர்ப்பட்ட தூக்கத்துல இருந்தாலும் எழுப்பி உட்கார வெச்சிடுவா" என்று முதலாளி வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். அவள் கண் கொஞ்சம் பெரிது. அதனால் கடையில் அவள் பெயர் முழி.

அன்று மதியமே கணவனையே கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா நிதானமான மனுஷி. மஞ்சள் மருந்து தோய்ந்த காகிதத்தைக் கண்ணோரத்தில் ஒற்றி, நீல விளக்கை வைத்துப் பார்த்தார். விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அவளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லார் கண்ணுலயும் இந்த மஞ்சள் பரவும்மா. உங்க கண்ணுல வெச்ச இடத்துலயே நிக்குது. பரவறதுக்கு ஈரமே இல்ல. கண்ணீர்ங்கறது கண்ணு மேல ஒரு போர்வை மாதிரி. ஒவ்வொரு தடவை கண்ணைக் கொட்டும்போதும் அந்தப் போர்வையை நாம இழுத்து விடறோம். கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டிருந்தா கொட்டறது குறைஞ்சு போகும், அது எல்லாருக்கும்தான். ஆனா நீங்க..."

"நான்?"

"நீங்க உள்ள வந்ததுலேருந்து ஒரு தடவைகூடக் கொட்டலையேம்மா."

அவள் கொட்டப் பார்த்தாள். இமை பாதி வரை இறங்கியது. அதற்குமேல் வரவில்லை. கதவை நாம் இந்தப் பக்கமிருந்து சாத்தும்போது, அந்தப் பக்கம் யாரோ காலைக் கொடுத்துத் தடுத்தால் எப்படி இருக்கும், அப்படி நின்றது.

கருவிழிமேல் கீறல் கீறலாக விழுந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. இப்படியே போனால் புண்ணாகித் தழும்பாகும், தழும்பானால் பார்வை போகும். ஏ.சி. காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் உட்காரக் கூடாது. திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியை இமைமேல் வைத்து, இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் திறந்துகொள்ள மெல்ல நீவ வேண்டும். இரவில் களிம்பு போட்டு, இமையை மூடி, காகித நாடா ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டும். "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கடைசியில் கேட்டார்.

எப்போதிலிருந்து என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு டீச்சர் கொண்டுவந்த மூடிப் படத்தை முடித்த அன்று சாயங்காலம்தான் முதலில் எரிந்தது. சிரமமான வேலை, அதனால் எரிகிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

டீச்சர் ஒரே ஒரு படம்தான் வைத்திருந்தார். ஜன்னலோரத்தில் நாற்காலி. அதில் அவருடைய அப்பா, மடியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மோவாய்க்கு அடியிலிருந்து உச்சந்தலை வரை ஒரு வெள்ளைத் துணி சுற்றி, உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தது. "பல்வலியா அவருக்கு?" என்று முதலாளி கேட்டார். டீச்சர் கொஞ்சம் பொறுத்துத்தான் "ஆமா" என்றார். "அந்தத் துணியை எடுத்துடுங்க. கண்ணைத் திறந்து வெச்சிடுங்க. பெருசா ஃப்ரேம் போடணும்."

இரவல் கண்களைச் சேர்த்து வைக்கிற ஒரு கோப்பு கடைக் கம்ப்யூட்டரில் உண்டு. கண் டப்பா என்பார்கள். அதைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியும் அந்த முகத்துக்கு ஒரு ஜோடி அகப்படவில்லை. ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து அடிக்கிற கண் வேண்டும். கடைசியில் அவளே கடை ஜன்னல் பக்கம் போய் நின்று, தன் கண்ணைப் படம் எடுத்தாள். வெள்ளையைக் கொஞ்சம் மஞ்சளாக்கி, கருவிழியைச் சுற்றி வயசானவர்களுக்கு விழுகிற வெளிறிய வளையம் போட்டு, அவர் முகத்தில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. துணியையும் முடிச்சோடு எடுத்தாயிற்று. இடது இமைமேல் மிளகு அளவுக்கு ஒரு மரு இருந்தது. கண் திறந்தால் மடிப்புக்குள் போய்விடும் என்று அதை அழித்துவிட்டாள். யார் கண் என்று டீச்சரிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்ல என்ன இருக்கிறது? "கொஞ்ச நாளா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வெந்நீர்த் துணி ஒத்தடத்தை அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். பிழிந்து, உதறி, இதமான சூட்டில் கண்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தாள். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம், பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டும் சத்தம், சமையலறையில் கணவன் எதையோ உருட்டும் சத்தம். சூடு ஆறுவதற்குள் துணியை எடுத்தாள். துணி மொடமொடவென்று இருந்தது. வெயிலில் நாளெல்லாம் கிடந்த துணி மாதிரி.

"இதைப் பிழிஞ்சு வெச்சது யாரு?" என்று கத்தினாள்.

"நீதான்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இரவு களிம்பு போட்டு, விரலால் இமையை இழுத்து மூடி, நாடா ஒட்டிப் படுத்தாள். காலையில் நாடா இரண்டும் தலையணையில் கிடந்தன, பசை போகாமல், சுருண்டுகூடப் போகாமல். களிம்பு போட்ட தடமே இல்லை. கண் எரிந்தது. ஒவ்வொரு நாளும் இதே கதைதான். யாரோ பிரித்து எடுக்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, யார் என்பதிலும்.

"நான் எதுக்குடி உன் கண்ணுல ஒட்டினதைப் பிடுங்கணும்?" கணவன் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினான். "சரி, சொல்லிடறேன். சொன்னா நீ பயப்படுவேன்னுதான் சொல்லாம இருந்தேன். நீ கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறே. நான் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் பார்க்கறேன். பொய்யின்னு சொல்லுவியேன்னு ஒரு நாள் வீடியோ எடுத்து வெச்சேன்."

அவள் அந்த வீடியோவை அவன் எதிரில் பார்க்கவில்லை. தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, கடைக்குக் கொண்டுபோய், பெரிய திரையில் போட்டு, ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஊரை ஏமாற்றுகிற வேலையைச் செய்கிறவளையே ஏமாற்றப் பார்க்கிறானா? தைத்த இடம் எங்கேயாவது அகப்படும். அவள் தலையணை, அவள் போர்வை, அவள் முகம், அவள் திறந்த கண். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் கிடைத்தது. அது தூங்குகிற கண்ணாகவும் இல்லை, விழித்திருக்கிற கண்ணாகவும் இல்லை. கருவிழி அசையவில்லை. விளக்கு வெளிச்சம் விழுந்தும் அதில் மினுக்கம் இல்லை. மினுக்கம் இல்லாத கண்ணை அவள் வேலையில் பார்த்ததே கிடையாது, ஈரம் இருக்கிற எந்தக் கண்ணிலும் வெளிச்சம் ஒரு புள்ளியாவது நிற்கும். கணவனைச் சந்தேகப்பட்டதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, சந்தேகப்பட இனி அவன் இல்லையே என்று பயமாக இருந்தது.

அன்று மதியம் முதலாளி கூப்பிட்டார். "முழி, அந்த டீச்சர் போன் பண்ணாங்க. ஃப்ரேமுக்குள்ள ஈரம் வருதாம். நம்ம பேப்பர் மட்டமாம். ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வா. மாத்திக் குடுக்கணும்னா இங்க எடுத்துட்டு வந்துடு."

டீச்சர் வீடு ஸ்டூடியோவுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில். கூடம் சுத்தமாக இருந்தது. ஒரு பக்கம் திருத்தக் காத்திருந்த விடைத்தாள் கட்டு, மறுபக்கம் காலி நாற்காலி. ஜன்னலோர நாற்காலி. அதற்கு எதிர்ச் சுவரில் படம். நல்ல வெயில் நேரம்; கூடம் முழுக்க வெளிச்சம். அவள் படத்தை நேராகப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்தாள். வேலையில் இருக்கிறவள் பார்க்கிற மாதிரி.

"கண்ணுக்குக் கீழ மட்டும்தாங்க" என்றார் டீச்சர். "வேற எங்கயும் இல்ல. கழட்டித் துடைக்கிறேன், மறுபடியும் வருது. காலையில பார்த்தா தண்ணியா இருக்காது, வேற மாதிரி. பிசுபிசுன்னு ஒரு களிம்பு."

அவள் கண்ணாடியின் ஓரத்து இடுக்கில் விரலை வைத்தாள். விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். இரவு இரவாகத் தான் போட்டுக்கொள்கிற களிம்பு அவளுக்குத் தெரியாதா?

"இந்தப் படம்... எப்ப எடுத்தீங்க?"

டீச்சர் விடைத்தாள் கட்டைச் சரியாக அடுக்கினார். பிறகு சொன்னார். "அன்னிக்குக் காலையில. உட்கார்ந்தபடியே போயிட்டாரு. வாய் திறந்துக்கக் கூடாதுன்னு நான்தான் துணியைக் கட்டினேன். வீட்டுல அவரோட படம் ஒண்ணுகூட உருப்படியா இல்ல. உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க செஞ்சிருப்பீங்களா?"

செய்திருக்க மாட்டாள். அந்த வேலை செய்கிறவர்களுக்கு அது ஒன்றுதான் எல்லை. மூடிய கண்ணைத் திறப்பார்கள். திறக்க முடியாத கண்ணைத் தொட மாட்டார்கள். துணியைப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மட்டும் பார்த்துப் பழகியவளுக்குத் தெரியவில்லை.

"படத்தைக் குடுங்க. எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணித் தர்றேன்."

"வேணாம்." டீச்சர் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை, ஒரு மாதிரி பூரிப்புத்தான் இருந்தது. "ஈரம் இருந்துட்டுப் போகட்டும். நான் துடைச்சிக்கறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்க பார்க்கலையா? நல்லாப் பாருங்க."

அவர் விலகினார். அவள் பார்த்தாள்.

அவள் கண்தான். வளையம் போட்டாலும், மஞ்சள் பூசினாலும், தன் கண் தனக்குத் தெரியும். நனைந்து பளபளவென்று இருந்தது. இடது பக்கத்து ஜன்னல் அதில் சின்னதாக, தெளிவாகத் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிமை இறங்கி, கீழிமையைத் தொட்டு, ஏறியது. அவசரமே இல்லாமல். முழுசாக.

"சிமிட்டறாரு இல்ல?" என்றார் டீச்சர் மெதுவாக.

அவள் மாடிப்படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தெருவில் காற்று நேராகக் கண்ணில் அடித்தது. தூசி விழுந்தது. விழுந்த தூசி அங்கேயே இருந்தது. எதிரில் வந்தவர்களெல்லாம் சிமிட்டிக்கொண்டே போனார்கள். பார்வையின் நடுவில் பால் சிந்தியது போல ஒரு வெள்ளை படர ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா சொன்ன தழும்பு இதுதானோ? கண் போனால் எல்லாம் போயிற்று. அழுகை நெஞ்சு வரை வந்தது, அதற்குமேல் வருவதற்கு வழி இல்லை.

கடையில் முதலாளி இல்லை. சாமான் வாங்கப் போயிருந்தார். மதியம் சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் நீண்டு கிடந்தது. அவள் பின்னறைக்குப் போய், கதவைச் சாத்தி, கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தாள். திரையை முட்டுகிற மாதிரி குனிந்துதான் பார்க்க முடிந்தது. திரையிலும் அது நனைந்திருந்தது. திரையிலும் அது சிமிட்டியது.

நிதானமாகச் செய்திருக்கலாம். செய்த வேலை ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக இருக்கும். கண்ணை மட்டும் எடுத்திருக்கலாம். ஆனால் வெள்ளை பரவிக்கொண்டிருந்தது. செய்த திருத்தம் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நீக்கி, படத்தை வந்த கோலத்துக்கே கொண்டுபோகிற பொத்தானை அழுத்தினாள்.

சேமித்தாள்.

கண் மூடியது.

அவள் மூடவில்லை, தானாகவே மூடியது. இரண்டு இமையும் ஒரே சீராக இறங்கிப் பொருந்தின. அப்பாடா. எத்தனை நாளைக்கப்புறம். எரிச்சல் நின்றது. மணல் போயிற்று. உள்ளே ஈரம் ஊறியது, இதமாக, வெதுவெதுப்பாக. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டாள். கணவனுக்குப் பிடித்ததாக எதையாவது இன்று சமைக்க வேண்டும் என்று நினைத்தாள். போதும், வீட்டுக்குப் போகலாம் என்று கண்ணைத் திறந்தாள்.

திறக்கவில்லை.

இன்னொரு தடவை முயன்றாள். புருவம் ஏறியது. நெற்றி சுருங்கியது. இமை அசையவில்லை.

போன் அடித்தது. மேஜைமேல் தடவினாள். எதையோ தள்ளிவிட்டாள், அது உருண்டு போய் எங்கோ விழுந்தது. போன் கையில் அகப்பட்டது. எங்கேயோ அழுத்தினாள்.

"என்ன பண்ணீங்க?" டீச்சர் அழுதுகொண்டிருந்தார். "அப்பா கண்ணை மூடிட்டாரு. என்ன பண்ணீங்க? இருக்கீங்களா? ஏதாவது பேசுங்க!"

பேசத்தான் பார்த்தாள். கத்தத்தான் பார்த்தாள். பல் பல்லோடு கடித்தபடி நின்றது. தொண்டைக்குள் மட்டும் ஒரு முனகல்.

"பேசுங்க!"

விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். இமை சில்லென்று இருந்தது. தளர்ந்து, மெல்லிசாக, சுருக்கம் சுருக்கமாக. இடது இமைமேல் விரல் நின்றது. மிளகு அளவுக்கு ஒரு மரு.

விரல் கன்னத்துக்கு இறங்கியது.

கன்னத்தில் துணி.

மோவாய்க்கு அடியிலும் துணி. காதோரமாக, மேலே, இறுக்கமாக. விரல் அதைத் தடவிக்கொண்டே ஏறியது.

உச்சந்தலையில் முடிச்சு இருந்தது.